கிழக்குச் சுவர்

பொறையாறு தாண்டி, நண்டலாற்றுப் பாலம் இறங்கி
மேலோடைக் குருமனை.
சபைக் கமிட்டியின் கடிதத்தில் ஒரே வரி:
கல்யாண மண்டபமாக மாற்ற எஸ்டிமேட் தேவை.

டேப்பின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை இன்பராணியிடம்.
தொய்யவிடாதே என்றேன்.
சுவரோடு சுவராய் ஒட்டி நின்றாள்.

சுவரின் கனம் இரண்டரை அடி.
தூண் ஆறு, அதில் ஒன்று விரிசல்.
தேக்கு உத்திரத்தின் மேல் நெருக்கி நிறுத்திய செங்கல்,
அதன்மேல் கடுக்காயும் வெல்லமும் குடித்த சுண்ணாம்பு.
ஜன்னலுக்கு நேரே ஜன்னல்.
கடற்காற்று கேட்காமலே வந்து
சொல்லாமலே போகிறது.

கூடத்து உச்சியில் நான்கு கொக்கிகள்.
முதலில் பங்கா தொங்கியது.
அதன் கயிறு சுவரில் ஒரு துளை வழியே வெளியே போகும்.
இழுத்தவர் வெயிலில் உட்கார்ந்திருப்பார்.
துளையின் கீழ்விளிம்பு மட்டும்
கிணற்றுக் கல் போலத் தேய்ந்திருக்கிறது.
எஸ்டிமேட்டில் இதற்குக் கலம் இல்லை.

ஞானாபரணம் ஐயருக்குப் பிறகு
வேறு ஐயர் வைக்கப் பணமில்லை.
வாடகைக்கு வந்தது நெல் கொள்முதல்.
கொக்கியில் தராசு.
ஐயர் பிரசங்கம் எழுதிய அறையில்
ஈரப்பதம் பதினேழுக்கு மேல், எடுக்க முடியாது என்று
பட்டியல் எழுத்தர் வைரக்கண்ணு தலையாட்ட,
மழைக்கு ஒதுங்கிய மூட்டைகள்
அங்கேயே முளைவிட்டன.

சுவரில் பென்சில் கோடுகள்.
ஐந்தைந்தாய்க் கட்டியவை மூட்டைக் கணக்கு.
அவற்றுக்கு அடியில் மங்கலாய் வேறொரு கணக்கு:
சாலமோன், மூன்றடி இரண்டு.
லோவிசா, மூன்றடி ஏழு, ஈஸ்டருக்கு மறுநாள்.
லோவிசாவின் நெற்றி உயரத்தில்
நாற்பது மூட்டை ஏற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் அலை வந்த வருடம்.
முப்பத்தேழு குடும்பம், நாலரை மாதம்.
கொக்கியில் தூளி.

"பதினாலு அடி மூணு அங்குலம்" என்று படித்துவிட்டு
அதே குரலில் இன்பராணி சொன்னாள்:
"நான் பிறந்த ரூம் இதுதான் அக்கா.
குப்பத்துல என்னை இன்னும் பங்களான்னுதான் கூப்பிடுவாங்க."
எழுதிக்கொண்டேன். அளவை மட்டும்.

சாப்பாட்டுக் கூடம் மேற்கே, கை கழுவக் கிழக்கே.
குழாய்க்கு இடம் பார்க்க
அமிர்தலிங்கம் கொத்தனார் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார்.
திண், திண், திண்,
டொப்.

பூச்சை உதிர்த்தால் ஒரு வாசல்.
செங்கல் வைத்து அடைத்தது.
மற்ற வாசல்கள் எல்லாம் ஏழரை அடி.
இது நாலடி ஒன்பது.

"ஸ்டோர் ரூமா இருக்கும்" என்றார் பொருளாளர்.
கொத்தனார் எதுவும் சொல்லவில்லை.
வெளியே போய் மண்ணைக் காலால் ஒதுக்கினார்.
ஒரு படி. அதற்கெதிரே நேராய்ப் போகும் பாதை,
சேரிக்கு.

"பழைய கதை மேடம். பூசிடுங்க."

என் பூட்டன் ஞானஸ்நானச் சீட்டு வாங்கியது
இந்தச் சபையில்தான்.
குனிந்தது இந்த வாசலிலா, தெரியாது.
பதிவேட்டில் பெயர் எழுதுவார்கள், தேதி எழுதுவார்கள்,
வாசல் எழுதுவதில்லை.

செங்கல்லைப் பிரித்ததும்
டேப்போடு உள்ளே நுழையக் குனிந்தாள் இன்பராணி.
குனியாதே, என்றேன்.
என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.
சுற்றி வா.
சுற்றி வந்தாள், ஏன் என்று கேட்காமல்,
டேப் மூலையில் சிக்கிக்கொள்ள.

இரவு, மாயவரத்தில், லாட்ஜ் அறையில் எழுதினேன்:
இனம் பதினான்கு.
கிழக்குச் சுவர். பழைய வாசலைத் திறந்து,
மேல்நிலையை அகற்றி,
ஏழரை அடிக்கு உயர்த்துதல்.
கதவு தேவையில்லை.
கை கழுவும் குழாய், எட்டு.